முப்பது நிமிடத்தின் வரலாறு

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று துபாய், அபுதாபி உள்ளிட்ட ட்ரூசியல் நாடுகளில் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் இருந்த பகுதி என்பதால், லண்டனைப் போல, சென்னையைப் போல, கொழும்பைப் போல அங்கேயும் அதுவரை இடப்பக்க ஓட்டம்தான். அடுத்த ஆண்டு பஹ்ரைனும் மாறியது. துபாய்க் கடலில் ஃபத்தே எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1966இல்தான். ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு பிறக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. தார்ச்சாலைகள் சொற்பம், வண்டிகள் அதைவிடச் சொற்பம். பக்கம் மாற்றுவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது.

அந்த முடிவு இன்று யாரைத் தொடுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வளைகுடா நகரங்களில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு உணவும் மருந்தும் மளிகையும் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் தெற்காசியர்கள். பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலும் வண்டி இன்னும் இடப்பக்கம்தான் ஓடுகிறது. புதுக்கோட்டையிலோ ராமநாதபுரத்திலோ பதினெட்டு வயதில் வண்டி பழகியவனுக்கு, சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது உடம்பில் ஊறிய பழக்கம். துபாயில் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். ரவுண்டானாவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஊரில் வேகமாகப் போகிறவர்களின் தடம் வலது ஓரம், அங்கே இடது ஓரம். இந்திய லைசென்ஸ் அங்கே செல்லாது என்பதால் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, மறுபடி தேர்வு எழுதி, மோட்டார் சைக்கிளுக்கென்று தனி லைசென்ஸ் வாங்குகிறான். தேர்வு கையை மாற்றிவிடும். களைப்பான ஓர் இரவில், பதினோராவது மணி நேரத்தில், கண் எந்தப் பக்கம் முதலில் திரும்பும் என்பது வேறு விஷயம்.

வளைகுடாவில் மோட்டார் சைக்கிள்காரர்களின் விபத்தைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படுவது, அவர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள் என்பது. அது சில நேரம் உண்மைதான். ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு தனி மனிதனின் குணத்தில் தொடங்கவில்லை.

முகவரி இல்லாத ஊர்

எண்ணெய்க் காசு வந்த பிறகு வளைகுடா நகரங்கள் காருக்காகவே கட்டப்பட்டன. துபாயின் உலக வர்த்தக மையக் கட்டடம் 1979இல் திறக்கப்பட்டபோது அதைச் சுற்றி மணல்தான். அதன் ஓரமாக ஓடிய சாலை பின்னால் ஷேக் சயீத் சாலை என்று பெயர் பெற்று, பக்கத்துக்கு ஆறும் ஏழும் தடங்களாக விரிந்தது. அந்தக் கட்டுமானங்களில் தமிழர்களின் கை நிறையவே இருந்தது. கீழக்கரைக்காரரான பி.எஸ்.அப்துர் ரஹ்மான் 1973இல் துபாயில் தொடங்கிய ஈடிஏ நிறுவனத்தின் வழியாக மட்டுமே எத்தனையோ ஊர்க்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வேலைக்கு நிறுவனத்தின் பேருந்து, தங்க நிறுவனத்தின் கேம்ப் என்று வாழ்ந்த அந்தத் தலைமுறைக்குச் சாலை என்பது பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும் ஒரு பொருள்.

அந்த நகரங்களுக்கு நெடுங்காலம் முகவரி கிடையாது. தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். கடிதங்கள் தபால் பெட்டி எண்ணுக்கு வந்து சேரும். அறுபது எழுபதுகளில் போனவர்களின் குடும்பங்களில் இன்றும் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வழி சொல்வதென்றால் "லுலுவுக்குப் பின்னாடி, பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவது கட்டடம்" என்பதுதான். துபாய் அரசு ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் மக்கானி என்ற பத்து இலக்க எண்ணைக் கொடுத்தது 2010களின் நடுவில்தான்.

முகவரி இல்லாத ஊரில் வாசல்வரை பொருள் கொண்டுவந்து கொடுக்க ஊர் தெரிந்த ஆள் வேண்டும். பக்காலா என்று அழைக்கப்படும் மளிகைக்கடைகளும் மலையாளிகள் நடத்திய கஃப்டீரியாக்களும் அந்த வேலையைச் சைக்கிளில் செய்தன. ஒரு பையன், ஒரு சைக்கிள், நாலு தெரு. எந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை சாயா என்பது அவனுக்குத் தெரியும். நாலு தெருவுக்குள் வேலை முடிந்துவிடும் என்பதால் நெடுஞ்சாலை அவனுக்குத் தேவைப்படவில்லை. அங்கே பாதுகாப்பு என்பது தூரத்தின் சிறுமையிலிருந்து வந்தது. செல்பேசியில் நீலப்புள்ளி வந்தபோது ஊர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று. நேற்று இறங்கியவனும் இன்று ஓட்டலாம். நாலு தெரு என்ற எல்லையும் அதோடு போயிற்று.

குவைத்தில் ஓர் இணையதளம்

2004இல் குவைத்தில் சில இளைஞர்கள் தலபாத் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். அரபியில் அதற்கு "ஆர்டர்கள்" என்று பொருள். ஆரம்பத்தில் அது ஒரு தரகர்தான்: வாடிக்கையாளரின் ஆர்டரை வாங்கி உணவகத்திடம் சேர்க்கும், கொண்டுபோய்க் கொடுப்பது உணவகத்தின் சொந்த ஆள். 2015இல் ஜெர்மனியின் ராக்கெட் இன்டர்நெட் அதை ஏறத்தாழ 17 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர் அது பெர்லினைச் சேர்ந்த டெலிவரி ஹீரோவின் கைக்கு மாறியது. லண்டனில் 2013இல் பிறந்த டெலிவரூ துபாய்க்கு வந்ததும் 2015இல்தான். இந்தியாவின் சொமாட்டோ தன் அமீரக உணவு விநியோகத் தொழிலை 2019இல் 17 கோடி டாலருக்குச் சற்று அதிகமாக விற்றது. வாங்கியது தலபாத்தின் தாய் நிறுவனம். 2024 டிசம்பரில் தலபாத் துபாய்ப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது திரட்டப்பட்ட தொகை 200 கோடி டாலர்.

இந்தப் பத்தாண்டில் நடந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்லலாம்: பைக் ஓட்டுகிறவன் உணவகத்தின் பணியாளாக இருந்தது நின்றுபோனது. செயலியின் பணியாளாகவும் அவன் ஆகவில்லை. பெரும்பாலும் அவனுக்கு விசா கொடுப்பது இடையில் இருக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனம். கஃபாலா முறையில் அவனுடைய குடியிருப்பு அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும். செயலி கட்டளையிடும், நேரம் குறிக்கும், மதிப்பெண் போடும். ஒப்பந்த நிறுவனம் சம்பளம் கொடுக்கும், பைக் வாடகையும் லைசென்ஸ் செலவும் முகாலஃபா அபராதமும் பிடித்துக்கொள்ளும். ஏதாவது நடந்தால் இருவரும் மற்றவரைக் கைகாட்டலாம்.

இது வளைகுடாவுக்கு மட்டுமே உரியதல்ல. டெலிவரூ ஓட்டுநர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை உண்டா என்ற வழக்கில், அவர்கள் வேலை உறவில் இருப்பவர்களே அல்ல என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. லண்டனில் வழக்குப் போட முடிந்தது, தோற்றார்கள். துபாயில் சங்கமே வைக்க முடியாது.

ஒன்றரை திர்ஹம்

2020 ஏப்ரலில் துபாய் இருபத்து நான்கு மணி நேர ஊரடங்கில் அடைந்து கிடந்தபோது, வெளியே போக அனுமதி பெற்ற சிலரில் பெட்டி வைத்த பைக்குகளும் அடக்கம். நகரம் அவர்களை நம்பிச் சாப்பிட்டது. அந்தப் பழக்கம் ஊரடங்குக்குப் பின்னும் போகவில்லை, பைக்குகளும் பெருகின.

2022 வசந்தத்தில் உக்ரைன் போரால் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. அமீரகத்தில் பெட்ரோல் விலை உலகச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும். பெட்ரோல் போடுவது பல இடங்களில் ஓட்டுகிறவனின் செலவு. அந்த நேரத்தில் டெலிவரூ, ஒரு டெலிவரிக்குக் கொடுத்துவந்த 10.25 திர்ஹமை 8.75ஆகக் குறைக்கப்போவதாகவும் வேலை நேரத்தை நீட்டப்போவதாகவும் அறிவித்தது. வேலைநிறுத்தம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட நாட்டில், ரமலான் மாதத்தின் கடைசி நாட்களில், ஓட்டுநர்கள் வாட்ஸப் வழியாகப் பேசி ஒன்றுசேர்ந்து, மே தினத்தையொட்டிச் செயலியை அணைத்துவிட்டு அறையில் இருந்துவிட்டார்கள். உணவகங்களில் பொட்டலங்கள் தேங்கின. நிறுவனம் திட்டத்தை நிறுத்திவைத்தது. ஒரு வாரம் கழித்து, ஒரு டெலிவரிக்கு 7.50 திர்ஹம் வாங்கிவந்த தலபாத் ஓட்டுநர்களும் உயர்வு கேட்டு வண்டியை நிறுத்தினார்கள்.

செய்தித்தாள்கள் இதைச் சம்பளப் பிரச்சினையாக எழுதின. சாலைப் பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதற்குச் சிறிய கணக்கு போதும். நாளொன்றுக்கு இருபது டெலிவரி செய்கிறவனுக்கு 10.25 வீதம் 205 திர்ஹம். 8.75 ஆனால் அதே பணத்துக்கு இருபத்து நான்கு டெலிவரி வேண்டும். அந்த நான்கு கூடுதல் பயணங்கள் ஒன்று தூக்கத்திலிருந்து வர வேண்டும், அல்லது வேகத்திலிருந்து வர வேண்டும். தூக்கத்திலிருந்து வந்தால் களைப்பு. வேகத்திலிருந்து வந்தால் தடம் மாறி மாறிப் புகுவது, மஞ்சள் விளக்கில் நுழைவது, ஓடிக்கொண்டே திரையைப் பார்ப்பது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவன் இரண்டு விநாடி செல்பேசியைப் பார்த்தால், அந்த இரண்டு விநாடியில் வண்டி ஐம்பத்தைந்து மீட்டர் கண்ணில்லாமல் போயிருக்கும். காரில் அது பம்பர் நசுங்குவதோடு முடியலாம். பைக்கில் நசுங்குவதற்கு வேறொன்றும் இல்லை.

இந்தக் கணக்கை உலகம் ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் டாமினோஸ் நிறுவனம் முப்பது நிமிடத்தில் பீட்சா, இல்லையென்றால் இலவசம் அல்லது விலைக்குறைப்பு என்று விளம்பரம் செய்து வளர்ந்தது. வண்டி ஓட்டிய இளைஞர்கள் விபத்துகளில் சிக்கினார்கள், பிறரையும் சிக்கவைத்தார்கள். 1993 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி ஒன்று, விபத்தில் காயமடைந்த ஒரு பெண்ணுக்கு ஏழு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. சில நாட்களில் நிறுவனம் அந்த உத்தரவாதத்தைக் கைவிட்டது. தொகை பிற்பாடு சமரசத்தில் குறைந்தது, ஆனால் கடிகாரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த ஜூரி பதில் சொல்லிவிட்டது. கடிகாரம் வைத்தவரே பொறுப்பு. இன்றைய செயலிகள் உத்தரவாதம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. திரையில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, தாமதமானால் மதிப்பெண் குறைகிறது, மதிப்பெண் குறைந்தால் அடுத்த வாரம் நல்ல நேரத்துக்கான ஷிப்ட் கிடைப்பதில்லை. நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை.

பாதுகாப்பான சாலையில் பாதுகாப்பில்லாதவர்கள்

அமீரகத்தின் சாலைகள் மோசமானவை என்று யாரும் சொல்ல முடியாது. 2008இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,072 பேர். 2023இல் அது 352. இடையில் மக்கள்தொகையும் வண்டிகளும் எவ்வளவோ கூடிவிட்டன. துபாயில் 2007இல் லட்சம் பேருக்கு இருபத்திரண்டு என்றிருந்த சாலை மரண விகிதம் 2023இல் 1.6க்கு இறங்கியது. வேகக் கேமராக்கள், நடைபாலங்கள், கறுப்புப் புள்ளிகள், எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட் என ஒவ்வொன்றாகச் சேர்ந்து நடத்திய சாதனை இது. இந்தியாவிலோ இலங்கையிலோ இதில் பாதியைச் செய்திருந்தால் கொண்டாடியிருப்போம்.

ஆனால் அந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இரும்புக் கூட்டுக்குள் இருப்பவரை மனத்தில் வைத்தவை. பக்கத்துக்கு ஏழு தடம் கொண்ட சாலையில், மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் வண்டிகளுக்கு நடுவே, 150 சிசி பைக் ஒன்று பெட்டியோடு காற்றை முட்டிக்கொண்டு போகும் காட்சியை அந்தச் சாலையை வரைந்த பொறியாளர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சட்டம் பின்னால் ஓடிவந்து பிடிக்க முயன்றது. குவைத் 2021இல் டெலிவரி பைக்குகளை வட்டச்சாலைகளிலிருந்து விலக்கியது. துபாயின் சாலைப் போக்குவரத்து ஆணையம் ஹெல்மெட், பயிற்சி, பெட்டியின் அளவு, வேக வரம்பு ஆகியவற்றுக்கு விதிகள் கொண்டுவந்தது. சவூதி அரேபியா 2024இல் வெளிநாட்டு ஓட்டுநர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியாகவே வேலை செய்ய வேண்டும் என்ற விதியைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியது. 2025 நவம்பர் 1 முதல் துபாயில் ஐந்து தடங்களும் அதற்கு மேலும் உள்ள சாலைகளில் இடது ஓர இரண்டு தடங்களிலும், மூன்று நான்கு தடச் சாலைகளில் இடது ஓரத் தடத்திலும் டெலிவரி பைக் போகக் கூடாது. முதல் முறை மீறினால் 500 திர்ஹம், இரண்டாம் முறை 700, மூன்றாம் முறை அனுமதி நிறுத்தம்.

வேகத் தடத்திலிருந்து பைக்கை விலக்குவது நியாயமானதுதான். வலது ஓரத்திலும் ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: லாரிகள், பேருந்துகள், எக்சிட்டுக்காகக் கடைசி நொடியில் குறுக்கே பாயும் கார்கள் எல்லாம் அங்கேதான். 500 திர்ஹம் அபராதம் என்பது 7.50 கணக்கில் அறுபத்தேழு டெலிவரி. விதியை மீறியவன் அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக ஓடுவான். விதிகளில் பெரும்பங்கு ஓட்டுகிறவனின் கையைப் பிடிக்கிறது. கடிகாரத்தின் முள்ளை மெதுவாக்கும் விதி அரிது.

வெயிலைப் பற்றிய விதிகளிலும் இதே கதை. அமீரகத்தில் 2005 முதல் கோடையில் நண்பகல் வெளிவேலைக்குத் தடை உண்டு. இப்போது அது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை. கட்டடத் தொழிலாளியை மனத்தில் வைத்த சட்டம் அது. கட்டடத்தை நிறுத்தலாம், மதியச் சாப்பாட்டை எப்படி நிறுத்துவது? கொத்தனார் நிழலில் உட்காரும் அந்த இரண்டரை மணி நேரம்தான் ரைடருக்கு அதிக ஆர்டர் வரும் நேரம். குவைத்தும் கத்தாரும் இதில் ஒரு படி மேலே போய், கோடையின் பகல் பொழுதில் டெலிவரி பைக்குகளையே நிறுத்தின. நிறுவனங்கள் அந்நேரத்துக்குக் காரை வைத்துக்கொள்ளலாம். 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவான நாடு குவைத். துபாய் வேறு வழியில் போனது: நகரெங்கும் நாற்பது குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைக் கட்டியது. 2025இல் சென்னை மாநகராட்சியும் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இத்தகைய அறைகளைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்துக்குச் சம்பளம் இல்லையென்றால் அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இந்த மனிதர்கள் சாலைக்கு ஆபத்து என்று பேசுகிறவர்களுக்கு 2022 ஜூலை மாத நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டலாம். துபாய் அல் கூஸ் பகுதியின் சந்திப்பு ஒன்றில் இரண்டு கான்கிரீட் கற்கள் விழுந்து கிடந்தன. சிக்னலில் நின்ற ஒரு தலபாத் ஓட்டுநர், பாகிஸ்தானைச் சேர்ந்தவர், இறங்கிப் போய் அவற்றை அகற்றினார். யாரோ படம்பிடித்தார்கள், துபாயின் பட்டத்து இளவரசர் ஹம்தான் பின் முகமது அவரைத் தேடித் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். செயலியின் கடிகாரத்தில் அந்தச் சில விநாடிகளுக்கு இடமில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

விபத்துக்குப் பிறகு

விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? பிறர் தவறால் நேர்ந்த மரணம் என்றால் அமீரகச் சட்டப்படி தியா, அதாவது உயிருக்கான ஈட்டுத்தொகை, 200,000 திர்ஹம். தவறு ஓட்டியவருடையது என்று காவல்துறை எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும். வேலையின்போது நேர்ந்த மரணத்துக்குத் தொழிலாளர் சட்டம் இருபத்து நான்கு மாத அடிப்படைச் சம்பளத்தை இழப்பீடாகச் சொல்கிறது. குறைந்தது 18,000, அதிகபட்சம் 200,000 திர்ஹம். கவனிக்க வேண்டிய சொல் "அடிப்படை". டெலிவரிக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிறவனின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்று எழுதப்படும் தொகை சிறியதாக இருந்தால், இழப்பீடும் தரைமட்டத்தைத்தான் தொடும்.

இந்தியப் பக்கத்தில் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது. விபத்து மரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். ஆனால் அது கட்டாயமாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, அதாவது பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு. இன்று தமிழ்நாட்டிலிருந்து பைக் ஓட்டப் போகிற பையன் பெரும்பாலும் பத்தாவது தேறியவன், சிலர் டிப்ளமோ, சிலர் பொறியியல் பட்டம். படித்ததால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறான். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறியவனைப் பற்றி எந்த அலுவலகத்திலும் தாளே இருக்காது. தமிழ்நாடு 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றியது. 2023இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. வளைகுடாவில் பைக் ஓட்டும் தமிழன் இந்த இரண்டு வகையிலும் வருகிறான். ஒன்று கடல் கடந்தவனுக்கு, மற்றொன்று செயலியில் ஓடுகிறவனுக்கு. இரண்டுமாக இருப்பவனை எந்தப் படிவத்தில் பதிவது என்பதை இன்னும் யாரும் தெளிவாக எழுதவில்லை.

மலேசியா செய்தது

தீர்வு இல்லாத விஷயம் இல்லை இது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். உலகில் அந்த வகையில் முதலாவதாகச் சொல்லப்படுவது அது. மலேசியத் தமிழ் வாசகர்கள் பலர் அதில் மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கி நின்றிருப்பார்கள். பைக்கைக் காரோடு கலக்காமல் பிரித்தால் விபத்து குறையும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஏழு தடம் போடக் காசுள்ள நாடுகளுக்கு எட்டாவதாக ஒரு சிறிய பாதை பெரிய செலவல்ல.

அதைவிட மலிவானது கடிகாரத்தை மாற்றுவது: டெலிவரிக் கணக்கில் பிழைப்பு முழுவதும் தொங்காதபடி மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்சம், தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்காமை, விபத்துக்குச் செயலி நடத்துபவரையும் பொறுப்பாளியாக்குதல். டாமினோஸ் ஒரு தீர்ப்பில் கற்றுக்கொண்டதை, செயலிகள் ஒரு விதியில் கற்றுக்கொள்ளலாம்.

இதை வாசிக்கும் நம்மில் பலர் டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் அதே மாதிரித் திரையில் அதே மாதிரி நகரும் பைக் படத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறோம். நம் தந்தையர் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவரைப் பற்றி ஊரில் கேட்ட கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பது. பதிலில் ஒரு பெயர் இருந்தது. ஏதாவது நடந்தால் அந்தப் பெயருக்குக் கடிதம் எழுதலாம், தந்தி அடிக்கலாம். இன்று அதே கேள்வியை ஒரு ரைடரின் அம்மாவிடம் கேட்டால், பையன் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைச் சொல்வாள். விசாவில் இருக்கும் பெயர் வேறு என்பது அவளுக்குத் தெரியாது. பையன் கிளம்பும் முன்பே அந்தப் பெயரைக் கேட்டு வாங்கி, காப்பீட்டுத் தாளோடு வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொல்வது, இப்போதைக்கு நம்மால் ஆகக்கூடிய மிகச் சிறிய வேலை.